முள் ஏறினால் தண்ணீர் இறங்கும்

ஒலக்கூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது கருங்காலிப்பட்டு. அந்த ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆப்ரேட்டர் ஜெசிந்தா. அவளிடம் இருந்த வால்வு சாவி இடுப்பில் செருகிக்கொள்கிற சாவி அல்ல. மார்பு உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கம்பி. தலையில் குறுக்கே ஒரு பிடி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலை ஏழு மணிக்குள் அவள் தொட்டியடிக்கு வந்துவிடுவாள். ஏழு மணிக்கு ஊர் வால்வு. எட்டு மணிக்கு அதை மூடிவிட்டுக் காலனி வால்வு. ஒன்பது மணிக்கு அதையும் மூடிவிட்டுச் சாவியைத் தோளில் ஏற்றினால் காலை வேலை முடிந்தது.

அவளுடைய அப்பா பார்த்த வேலை அது. அவர் போன பிறகு மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு வந்தது. திண்டிவனம் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள் ஜெசிந்தா. காலனியிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண். படித்து முடித்ததும் விழுப்புரத்தில் ஐந்தாறு நேர்காணல்களுக்குப் போனாள். முதல் கேள்வி எந்த ஊர் என்று இருக்கும். இரண்டாவது, ஊரில் எந்தப் பக்கம் என்று. கணக்கிலிருந்து மூன்றாவது கேள்வி வந்ததே இல்லை. பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். கணவன் பிரான்சிஸ் திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். பட்டம் பிளாஸ்டிக் உறைக்குள் போய் அலமாரியில் பத்திரமாகப் படுத்துக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெசிந்தா தனக்குத்தானே ஒரு சத்தியம் செய்துகொண்டாள். அப்பா காலத்தில் ஊர்க்காரர்கள் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் உடுடா" என்றால் அவர் விட்டுக்கொண்டே இருப்பார். மறுத்துப் பேச அவருக்கு நாக்கு எழாது. தன் கையில் அது நடக்காது என்று முடிவு செய்தாள். கைக்கடிகாரம் ஒன்று வாங்கினாள். ஊருக்கு அறுபது நிமிடம், காலனிக்கு அறுபது நிமிடம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒருமுறை வார்டு மெம்பர் விருத்தாசலம் வீட்டில் விசேஷம் என்று ஆள் அனுப்பிக் கேட்டபோதும் எட்டு மணிக்கு டாண் என்று மூடினாள். அப்பா 'சாமி' என்று அழைத்த மனிதரை அவள் 'மெம்பர் சார்' என்றுதான் அழைத்தாள். அதிலும் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்தைத்தான் சவுரியம்மாள் ஒரு மார்ச் மாதக் காலையில் போட்டு உடைத்தாள்.

சவுரியம்மாளின் வீடு காலனியின் கடைசி வீடு. குழாயும் கடைசிக் குழாய். கூலி வேலைக்குப் போகிறவள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம் அது; ஒன்பதரைக்குக் கடலைக் கொல்லையில் இருந்தாக வேண்டும். அன்று ஒன்பது மணிக்கு இரண்டு காலிக் குடங்களைக் கொண்டுவந்து தொட்டியின் தூணுக்குக் கீழே ணங்கென்று வைத்தாள்.

"இன்னாமே ஜெசிந்தா, குழாய்ல காத்துதான் வருது. அத்தப் புடிச்சி பலூன் ஊதவா?"

"அக்கா, ஒரு மணி நேரம் கரெக்ட்டா உட்டேன். இந்தா, வாச்ச பாரு."

"உன் வாச்சு! அந்த வாச்ச எவன் வாங்கிக் குடுத்தான், ஊர்க்காரனா? மெம்பர் வூட்ல களத்தக் கழுவுறாங்க. தண்ணி தென்னமரம் வரைக்கும் ஓடுது. எனக்கு ஒரு கொடம் ரொம்பல. உங்கப்பனாவது பயந்துக்கினு பண்ணான். நீ படிச்சிப்புட்டுப் பண்ற."

ஜெசிந்தாவுக்கு முகம் எரிந்தது. சவுரியம்மாள் குடங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குள் குழாயடியில் நின்ற நாலைந்து பெண்கள் கேட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கப் பேச்சு: ஜெசிந்தா ஊருக்கு வேலை செய்கிறாள்.

பிரான்சிஸ் சிரித்தே சமாளிக்கப் பார்த்தான். "உட்டுத் தள்ளு. நான் ஆட்டோல ஆறு பேர ஏத்துனா ஏழாவது ஆளு திட்டிக்கினேதான் போறான்."

"ஏழாவது ஆள ஏத்தலன்னு உனக்குத் தெரியும். நான்தான் எல்லாரையும் ஏத்திட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேன். அந்தம்மா ஏறலன்றாங்க."

நாலு நாள் கழித்துக் கடிகாரம் நின்றுபோனது. போனை வீட்டில் சார்ஜில் விட்டு வந்திருந்தாள். மணி பார்க்க வழியில்லாமல் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

தொட்டியின் வெளிச்சுவரில் ஒரு பலகை உண்டு. மேலிருந்து கீழே வரை பொருத்திய நீளப் பலகை. உள்ளே தண்ணீரில் ஒரு மிதவை. அதில் கட்டிய கயிறு மேலே உள்ள உருளையில் ஏறி வெளியே இறங்கும். அதன் முனையில் இரும்பு முள். தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், முள் ஏறும். எனவே பலகையில் எண்கள் கீழிருந்து மேலே போகும். தொட்டி நிறைந்திருந்தால் முள் அடியில், பூஜ்யத்தில். காலியானால் உச்சியில், இருபத்தைந்தில். ஒவ்வொரு கோடும் ஆயிரத்து இருநூறு லிட்டர். ஊரில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகவே புரிந்துவைத்திருந்தார்கள். முள் உச்சியில் இருப்பதைப் பார்த்து, தொட்டி நிறைந்து வழியப் போகிறது என்று மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஓடி வந்தவர்களும் உண்டு.

ஊர் வால்வைத் திறந்தபோது முள் ஒன்றில் இருந்தது. எட்டு மணி டவுன் பஸ் ஹாரன் அடித்தபோது பதின்மூன்றில் இருந்தது. மூடினாள். பன்னிரண்டு கோடு. காலனி வால்வைத் திறந்தாள். சரி, இவர்களுக்கும் பன்னிரண்டு கோடு போனதும் மூடலாம், மணி எதற்கு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த பஸ் திண்டிவனம் போய்த் திரும்பி ஒன்பது மணிக்கு வந்தது. முள் பத்தொன்பதில் நின்றது.

ஆறு கோடு. ஜெசிந்தா எழுந்து நின்றாள். வால்வு பாதிதான் திறந்திருக்கிறதோ என்று சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். முழுதாகத் திறந்திருந்தது. பஸ்ஸைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து நிமிடம் முன்பின் வந்தாலும் பன்னிரண்டு ஆறாகாது.

அவள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. பிரான்சிஸிடம் திண்டிவனத்திலிருந்து ஒரு கிராஃப் நோட்டும் கடிகாரத்துக்கு பேட்டரியும் வாங்கிவரச் சொன்னாள்.

"கிராஃப் நோட்டா? யாருக்கு, பசங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"பரவால்லயே. காலேஜு மறுபடி தொறந்துட்டாங்க போல."

மூன்று நாள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளைப் பார்த்துக் குறித்தாள். குறுக்கு அச்சில் நேரம், ஒரு கட்டத்துக்குப் பத்து நிமிடம், அது x. நெடுக்கு அச்சில் முள் நிற்கும் கோடு, அது y. ஊருக்கு: தொடக்கத்தில் 1, பத்து நிமிடத்தில் 3, இருபதில் 5, முப்பதில் 7. முதல் இரண்டு புள்ளிகளை இணைத்து ஸ்கேலை நீட்டினாள். மற்றவை ஒவ்வொன்றாக வந்து அதன்மேல் உட்கார்ந்தன. கடைசிப் புள்ளிகள் மட்டும் ஒரு மயிரிழை கீழே விலகின. நேர்கோடு. கட்டத்துக்கு இரண்டு ஏறுகிறது, ஒன்றில் தொடங்குகிறது. பென்சிலால் பக்கத்தில் எழுதினாள்: y = 2x + 1.

காலனிக்கு நேரத்தை மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணினாள். 13, 14, 15, 16. கட்டத்துக்கு ஒன்றுதான். y = x + 13.

சாய்வு இரண்டு, சாய்வு ஒன்று. ஊருக்குப் போவது மூன்று இஞ்ச் குழாய். காலனிக்கு ரெண்டரை, அதுவும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். யாருக்கு எந்தக் குழாய் என்று இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு காகிதத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவின்மேல் உட்கார்ந்துகொண்டு அவள் மூன்று வருடமாக நிமிடம் எண்ணியிருக்கிறாள். ஊரில் எண்பது வீடு; வீட்டுக்கு நூற்றெண்பது லிட்டர். காலனியில் நூற்றிருபது வீடு, வீட்டுக்கு அறுபது. அதையும் முதல் குழாய்க்காரர்கள் பிடித்த பிறகு மிச்சமிருப்பதுதான் சவுரியம்மாளுக்கு.

அவளுக்கு அழுகை வரவில்லை. தன்மேலேயே கோபம் வந்தது. மூன்று வருடம் அந்த முள்ளுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள், ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு மீதிக் கணக்கைப் போட்டாள். ஊருக்கு a கட்டம், காலனிக்கு b கட்டம் திறந்தால் 2a-வை எண்பது வீடு பகிரும், b-யை நூற்றிருபது வீடு பகிரும். இரண்டும் சமமாக வேண்டுமானால் b = 3a. முள் இருபத்திரண்டைத் தாண்டினால் அடிச்சேறு கலங்கும். எனவே இருபத்தொன்றில் நிறுத்த வேண்டும். 1 + 2a + 3a = 21. a = 4. ஊருக்கு நாற்பது நிமிடம், காலனிக்கு இரண்டு மணி நேரம். வீட்டுக்கு நூற்றிருபது லிட்டர், எல்லோருக்கும்.

மார்ச் இருபத்திரண்டு உலகத் தண்ணீர் தினம். அன்று கிராம சபை. வழக்கம்போல ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். வழக்கமாகக் காலனியிலிருந்து பத்துப் பேர் வந்து ஓரமாக நிற்பார்கள். இம்முறை ஜெசிந்தா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்ததால் அறுபது பேர் வந்தார்கள். சவுரியம்மாளும் வந்தாள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஜெசிந்தா கிராஃப் தாளைப் பலகையில் ஒட்டி, இரண்டு கோடுகளையும் காட்டிப் பேசினாள். பேசி முடிப்பதற்குள் விருத்தாசலம் சிரித்தார்.

"இந்தாம்மா, கோடு மேல போவுது. அப்பன்னா எங்களுக்குத் தண்ணி ஏறிக்கினே போவுதுன்றியா? தொட்டி தானா ரொம்புதா?"

ஊர்ப் பக்கத்தில் சிரிப்பு பரவியது.

"மெம்பர் சார், நம்ம தொட்டில முள்ளு ஏறுனா தண்ணி எறங்குதுன்னு அர்த்தம். கோடு எவ்ளோ செங்குத்தா ஏறுதோ அவ்ளோ ஜல்தியா தண்ணி போவுது. உங்க கோடு செங்குத்தா இருக்குது பாருங்க."

"ஒரு மணி நேரம் எங்களுக்கு, ஒரு மணி நேரம் உங்களுக்கு. இதுல எங்கருந்து வந்துச்சி குத்தம்? பேப்பர்ல எத வேணா வரையலாம். என் பேத்திகூட வரையுது, யானைய."

ஜெசிந்தா ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஊர் வால்வ தொறப்பேன். ஏழு இருபத்தஞ்சுக்கு முள்ளு எங்க நிக்கும்னு இப்பவே எழுதித் தர்றேன். x ரெண்டரை. ரெண்டரைய ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுனா ஆறு. ஆறுல நிக்கும்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா இன்னா சொல்றீங்க?"

"சாவிய வெச்சிட்டுப் போயிடணும். வேற ஆளு பாத்துக்குறோம்."

காலனிப் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. பிரான்சிஸ் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஜெசிந்தா அவனைப் பார்க்கவில்லை. "சரி. நின்னா, நான் எழுதுன நேரத்த தீர்மானமா போடணும்." ஊராட்சிச் செயலர் நடராசனிடம் தாளைக் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தொட்டியடியில் திருவிழாக் கூட்டம். ஜெசிந்தா வந்து நிமிர்ந்து பார்த்தாள். முள் நான்கில் நின்றது.

முந்தின நாள் சாயங்காலம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. தொட்டி நிறையவில்லை. அவள் எழுதிக் கொடுத்த எண்ணோ ஆறு. நான்கிலிருந்து கிளம்பும் முள் ஏழு இருபத்தைந்துக்கு ஆறில் நிற்காது.

விருத்தாசலமும் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, தொறக்கறதுக்கு முன்னயே கணக்கு பேஜாரா பூடுச்சே."

ஜெசிந்தா ஒரு நொடி வெறும் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு. ஆறு தப்புதான். ஆறு எங்கிருந்து வந்தது? கோட்டிலிருந்து. கோட்டில் இரண்டு விஷயம் இருக்கிறது: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது. கரண்ட் போனால் தொடங்கும் இடம் மாறும். குழாய் மாறுமா?

"செயலர் சார், அந்தப் பேப்பர குடுங்க. வால்வு இன்னும் தொறக்கல, எல்லாரும் பாத்துக்குங்க." தாளை வாங்கி 2x + 1 என்பதில் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள். இரண்டை அடிக்கவில்லை. "தொடங்குற எடம் நாலு. நேத்தே இத சொல்லிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. ஆனா வேகம் அதே ரெண்டுதான். ஏழு இருபத்தஞ்சுக்கு ஒம்பது."

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?"

நடராசன் தொண்டையைச் செருமினார். "மெம்பர், உங்க வண்டி திண்டிவனத்துலருந்து கெளம்புனாலும் ஒலக்கூர்லருந்து கெளம்புனாலும் ஒரே ஸ்பீடுலதான போவுது. கெளம்புற எடத்துக்கு ஏத்தாப்லதான போய்ச் சேருவீங்க. தொறக்கறதுக்கு முன்னதான சொல்றாங்க. பாத்துடுவோமே."

ஏழு மணிக்குச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். குழாய்க்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எண்பது கண்ணும் நூறு கண்ணுமாக ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்து. ஆறு. எழுதிக் கொடுத்த ஆறை அது பத்து நிமிடத்திலேயே எட்டிக் கடந்து போனபோது காலனிப் பெண் ஒருத்தி "அய்யய்யோ" என்றாள். ஏழு. எட்டு. நடராசன் கைபேசியை உயர்த்தி, "ஏழு இருபத்தஞ்சு" என்றார்.

முள் ஒன்பதுக்கு ஒரு நூல் கீழே நின்றது.

"ஒம்பது இல்ல!" என்றார் விருத்தாசலம்.

"ஆமா சார், ஒரு நூல் கொறச்சல். தண்ணி எறங்க எறங்க அழுத்தம் கொஞ்சம் கொறையும். அதனால கோடு கடைசில லேசா வளையும். கிராஃப்லயும் அப்படித்தான் இருக்கு, பாருங்க. நான் மறைக்கல."

எட்டு மணிக்கு முள் பதினாறு. காலனி வால்வைத் திறக்கும் முன் அவளாகவே சத்தமாகச் சொன்னாள்: "இப்ப வேகம் ஒண்ணு. எட்டு நாப்பதுக்கு இருபதுல நிக்கும்." நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நாற்பது நிமிடமே பதிலாக இருந்தது. சற்று முன் குதித்து ஏறிய முள் இப்போது முட்டிவலிக்காரனைப் போல ஏறியது. ஊர்ப் பெண் ஒருத்தி, "இவ்ளோ மெதுவாவா போவும் இவங்களுக்கு?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். விருத்தாசலத்துக்கும் அது காதில் விழுந்தது.

பிறகு பள்ளிக்கூடத்தில் நடராசன் பதிவேட்டை விரித்து எழுதத் தொடங்கியபோது விருத்தாசலம் கடைசியாக ஒருமுறை முயன்றார். "எங்களுக்கு நாப்பது நிமிஷம், அவங்களுக்கு நூத்திருபதா? சமம்னு சொல்லிட்டு மூணு மடங்கா? இது இன்னா நியாயம்?"

"மணிய குடிக்க முடியாது மெம்பர் சார்," என்றாள் ஜெசிந்தா. "தண்ணியதான் குடிக்கணும். அது வூட்டுக்கு நூத்திருபது லிட்டர், உங்களுக்கும் சவுரியம்மா அக்காவுக்கும்."

அவர் பேனாவை வாங்கினார். உள்ளாட்சித் தேர்தல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காலனி ஓட்டு ஊர் ஓட்டைவிட அதிகம். அவர் கையெழுத்துப் போட்டதற்குக் கணிதம் பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி. காலனிக்கும் மூன்று இஞ்ச் குழாய் வேண்டும் என்று ஜெசிந்தா இரண்டாவது தீர்மானம் ஒன்றையும் எழுதச் சொன்னாள். அது எப்போது வரும் என்பதற்குத்தான் அவளிடம் சமன்பாடு இல்லை. வரும்வரை திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் கிராஃப் தாளோடு போய் நிற்பது என்று வைத்துக்கொண்டாள்.

புது நேரம் தொடங்கிய முதல் நாள், ஏழு நாற்பதுக்குக் காலனி வால்வைத் திறந்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் நடந்தே கடைசிக் குழாய் வரை போனாள். சவுரியம்மாள் மூன்றாவது குடத்தை வைத்திருந்தாள். தண்ணீர் விரல் தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, நீ சொன்னது நெசந்தான். மூணு வருசமா நான்தான் திருப்புனேன்."

"உங்கப்பன் இருபது வருசம் திருப்புனான்." சவுரியம்மாள் குடத்தை நகர்த்தி அடுத்த குடத்தை வைத்தாள். "அவனுக்கு முள்ளு எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியாது. சரி, சும்மா நிக்காத, அந்தக் கொடத்த இப்டி எடு. கொல்லைக்கு நேரமாவுது."

ஜெசிந்தா வால்வு சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக் கொடுத்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபது. முள் பத்தொன்பதில் இருக்க வேண்டும். சாவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சரிபார்க்கத் தொட்டியை நோக்கி நடந்தாள்.